பதில் சொல்லாத வீடு

விளையாட்டைச் சோதித்துப் பார்க்க மஹதி அனுப்பியது ஒன்பது பேருக்கு. வியாழக்கிழமை காலையில் வந்து கிடந்ததோ பத்துப் பேர் ஆடிய பதிவு.

பத்தாவது பதிவில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது, ஆனால் நாற்பத்தொரு தடவை இருந்தது. கதவைத் திற. கதவைத் திற. கதவைத் திற. ஒவ்வொரு தடவையும் விளையாட்டு சளைக்காமல், அவள் எழுதி வைத்திருந்த பதிலைச் சொல்லியிருந்தது: ‘கதவு பூட்டியிருக்கிறது.’ ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைக் காட்டும் கட்டத்தில் ‘அறை 12’ என்று இருந்தது. மஹதி வரைந்தது பதினொரு அறைகள்தான்.

‘பிழை’ என்று குறித்துக்கொண்டு காபி போட எழுந்தாள். ஏழு வருஷம் கம்பெனியில் கேம் செய்தவளுக்குப் பிழை என்பது காலையில் பால் வருவதைப் போல, வராவிட்டால்தான் கவலை.

அந்தக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகத் தனியாளாய் அவள் செய்துகொண்டிருந்த ஆட்டம் அது. பெயர் ‘ஞாயிறு 86’. அந்தக் காலத்துச் சாகச ஆட்டங்களைப் போலவே மேலே பதினாறே நிறங்களில், கட்டம் கட்டமாக ஒரு படம். கீழே கண்சிமிட்டும் ஒரு கோடு. என்ன செய்ய வேண்டுமோ அதை ஆட்டக்காரர் சொல்லாகத் தட்ட வேண்டும்: பார், எடு, போ, திற. மரக்கதவு போட்ட டி.வி. பெட்டியும் அதன் மேல் பூப்போட்ட துணியும், பென்சில் விட்டுச் சுற்ற வேண்டிய கேசட்டும், ஞாயிறு காலைத் தொடர் பார்க்கத் தரையெல்லாம் உட்கார்ந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும், மொட்டைமாடியில் காற்றுக்குத் திரும்பிக்கொண்ட ஆன்டெனாவும் அதில் இருந்தன. மஹதி பிறந்தது தொண்ணூற்றொன்றில். எண்பதுகளில் ஒரு நாளைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் இவ்வளவு ஆசையாக வரைய முடிகிறது என்று பழைய சகா வினய் கிண்டல் செய்வான்.

வரைவதற்கு மாதிரி அவள் குடியிருக்கும் வீடேதான். சைனிக்புரியில் அவள் அப்பா, ராணுவத்தில் ஓய்வுபெற்ற வரதராஜன், எண்பத்து நாலில் கட்டிய வீடு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா சாந்தா பெங்களூரில் மஹதியின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கணவன் விஸ்வநாத்துக்குப் புனேயில் வேலை; மாதம் ஒரு தடவை வருவான். மற்ற நாட்களில் மஹதியும் ஏழு வயது மகள் அக்ஷதாவும்தான்.

எண்பத்தாறில் ஹால் எப்படி இருந்தது என்பதற்கு ஆல்பத்தில் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. அப்பா விறைப்பாக நிற்கிறார், அம்மா டி.வி. பக்கத்தில் வெட்கப்படுகிறாள், அவர்களுக்கு வலப்புறம் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. யாரோ வேண்டாத உறவுக்காரர் நின்றிருப்பார் என்று மஹதி நினைத்துக்கொண்டாள். இப்போது அந்த இடத்தில் ஒரு வெறும் சுவரும் அதை மறைத்து ஆளுயர ஷோகேஸும் இருக்கின்றன. சாகச ஆட்டத்தில் சும்மா ஒரு சுவரை விட்டுவைக்க எந்த வடிவமைப்பாளருக்கும் மனசு வராது. அங்கே ஒரு பச்சைக் கதவை வரைந்து பூட்டி வைத்தாள். அதன் பின்னால் அவள் எதையும் வரையவில்லை.

ஆட்டக்காரர் எதைத் தட்டினாலும் பதில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம். ‘அது புரியவில்லை. வேறு சொல்லில் சொல்லுங்கள்’ என்று ஆட்டம் கையை விரித்தால் அவளுக்கு அது மானக்கேடு. தினமும் காலையில் பதிவுகளைப் படித்து, பதில் கிடைக்காத சொற்களுக்கெல்லாம் பதில் எழுதுவாள். ஒருவர் ‘ஆன்டெனாவைக் கடி’ என்று தட்டியிருந்தார். அதற்கும் ‘துரு நாக்கில் ஒட்டுகிறது’ என்று எழுதிச் சேர்த்தாள்.

இந்த வைராக்கியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா வீட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் பதில் சொன்னதே இல்லை. அடுத்த அறையிலிருந்து “அம்மா” என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு ‘உம்’ வராது. எழுந்து போய் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். அப்பாவும் அப்படித்தான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதது மஹதிக்கு இன்னும் ஆறவில்லை. என் பிள்ளை கூப்பிட்டால் நான் பதில் சொல்வேன் என்று அப்போதே முடிவு செய்திருந்தாள்.

ஆகவே அந்த நாற்பத்தொரு தடவைக்கும் அவள் மனம் இரங்கியது. யாரோ வகையாக மாட்டிக்கொண்டிருக்கிறார், பாவம். பன்னிரண்டாம் அறையிலிருந்து ‘கதவைத் திற’ என்று தட்டினால் ‘கதவு திறந்தது’ என்று வரும்படி எழுதிச் சேர்த்தாள். இரண்டு நிமிஷ வேலை.

வெள்ளிக்கிழமை பத்தாவது பதிவு ‘கதவு திறந்தது’ என்பதோடு ஆரம்பித்தது. அதன் பிறகு ‘வெளியே வா’ என்று பதினெட்டுத் தடவை. அதற்கும் எழுதினாள்: ‘வெளியே வந்தீர்கள். ஹாலில் நிற்கிறீர்கள்.’

அன்று மத்தியானம் ஹாலில் ஒரு வாசம் வந்தது. மே மாதத்து வெயிலில் தெருவே வாயை மூடிக்கொண்டு கிடந்த நேரம், ஏர்கூலர் மட்டும் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் நனைந்த சுண்ணாம்பும் அந்துருண்டையும் பழைய கெரசினும் கலந்த ஒரு வாசம் ஷோகேஸின் பக்கமிருந்து மெல்ல நகர்ந்து வந்து, அவள் கணினி மேசையைச் சுற்றி, ஒரு ஆள் எட்டிப் பார்ப்பதைப் போல அவள் தோளருகே நின்றது. எலி செத்திருக்கும் என்று குனிந்து பார்த்தாள். எலி இல்லை. ஷோகேஸ் கண்ணாடிக்குள் அப்பாவின் பதக்கங்கள் இலேசாக ஆடிக்கொண்டிருந்தன. கூலர் காற்று என்று சொல்லிக்கொண்டாள். கூலர் எதிர்ப்பக்கம் பார்த்து இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தாவது பதிவில் வரிகள் ஏறின.

‘கூப்பிடு.’

ஆட்டம் வழக்கம்போலக் கேட்டது: ‘யாரை?’

‘அக்ஷதா.’

‘அப்படி யாரும் இங்கே இல்லை.’

உள்ளே படுக்கையறையிலிருந்து மகளின் குரல் வந்தது. “ஒஸ்துன்னா மம்மீ!”

அக்ஷதா வந்து நின்றாள். தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், ஆனால் வாயில் இந்த ஊர்த் தெலுங்கும் இங்கிலீஷும்தான் வரும். “ஏமி மம்மீ? நுவ்வே பிலிச்சாவ் கதா?”

“நான் எங்கடா கூப்பிட்டேன்?”

“ரெண்டு டைம்ஸ்,” என்று விரலைக் காட்டிவிட்டு, பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மஹதிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். ஆட்டத்தில் மகள் பெயர் எங்கேயும் கிடையாது. தெரிந்தவன் எவனோ விளையாடுகிறான். தார்நாகாவில் இருந்த வினய்க்குப் போன் போட்டாள்.

“ஹவ், நீ அனுப்பின காப்பி என்கிட்டதான் இருக்கு,” என்றான் அவன், உருது கலந்த இந்த ஊர்ப் பேச்சில். “யாருக்கும் குடுக்கல. கைக்கு, எதுக்குக் குடுக்கப் போறேன்? நக்கோ மஹி, உன் பாப்பா பேரை வெச்சி ஜோக் அடிக்கிற ஆளா நான்?”

“அப்ப யாரு?”

“பாஸ்வேர்டை மாத்து. ஆட்டத்தை நிறுத்திடு. ஆனா ஒண்ணு, அவன்கூட சண்டைக்குப் போகாத. நீ போவ, எனக்குத் தெரியும்.”

போனாள். போகாமல் இருந்தால் அவள் மஹதி இல்லை. ‘அக்ஷதா’ என்ற பெயரை ஆட்டத்தில் சேர்த்து, அதற்கு நேரே பதிலை ஓங்கித் தட்டினாள்: ‘அக்ஷதா வரமாட்டாள். நீ யாராக இருந்தாலும் போய்த் தொலை.’ தட்டி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு அறை விட்ட மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு வானம் இருண்டது. வேப்பமரங்கள் சாய்ந்தன. தூசி எழும்பி, முதல் துளிகள் விழுந்து, கரண்டும் போனது. இன்வெர்ட்டர் ‘டக்’ என்று ஏற்றுக்கொண்டது. அந்த ‘டக்’ அடங்கிய பிறகும் இன்னொரு ‘டக்’ கேட்டது. அப்புறம் இன்னொன்று. ஷோகேஸுக்குப் பின்னால்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, நம்ம ஹால் போட்டோல ஒரு பக்கம் வெட்டியிருக்கே, அங்க என்ன இருந்துச்சி?”

மறுமுனையில் டி.வி. சத்தம் நின்றது.

“எதுக்குடி கேக்குற?”

“என் கேம்ல வரையணும். ஒரு கதவு போட்டேன்.”

“என்னா கலரு?”

“பச்சை.”

“நான் உனுக்கு எப்பவாச்சும் கலரு சொல்லியிருக்கனா?”

“இல்ல.”

“சாமான் ரூம்புடி அது. உள்ள யாரும் இல்ல. ஆளுன்னு ஒருத்தர் இருந்திருந்தா அப்பாவே இழுத்துப் போட்டிருப்பாரு. யாரும் இல்லாம குரல் மட்டும் வந்துச்சி. மொதல்ல பூனை மாதிரி. அப்புறம் எங்கம்மா குரல்ல. எங்கம்மா அப்ப வேலூர்ல இருக்காங்க. நான் புத்தி கெட்டுப் போயி ‘என்னாம்மா’ன்னுட்டேன். அன்னியிலேர்ந்து அது ஓயல. நம்ம பதிலுதான் அதுக்குச் சோறு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி மேல வரும். அப்பா கதவு மேலயே செங்கல் வெச்சிப் பூசிட்டாரு. படத்தையும் வெட்டிட்டாரு. வீட்டுக்குள்ள எவன் கூப்பிட்டாலும் முகம் பாக்காம வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு.”

“இத்தனை வருஷமா ஏன்மா சொல்லல? நான் காய்ச்சல்ல கெடந்து கத்தினேனே!”

“கத்துனது நீதானான்னு எனக்கு எப்படிடி தெரியும்?” என்றாள் அம்மா. “எண்பதுல எல்லாம் நல்லா இருந்துச்சின்னு நீங்கல்லாம் பொம்மை போட்டு ஆடுறீங்க. நாங்க அதுலேர்ந்து தப்பிச்சி வந்தவங்கடி. புள்ளைய தூக்கிக்கினு வெளிய போ. எதுக்கும் பதில் சொல்லாத.”

வெளியே மழை கல்லாய்க் கொட்டியது. தெருவில் மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியோடு விழுந்து கிடந்தது. இந்த மழையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு அந்தக் கம்பியைத் தாண்ட முடியாது. தாண்டுவானேன் என்றும் இருந்தது. இது அப்பா கட்டிய வீடு. நாலு எழுத்துத் தட்டத் தெரிந்த ஒன்றுக்குப் பயந்து அவள் ஏன் ஓட வேண்டும்? எழுதியவள் அவள். அழிக்கவும் அவளால் முடியும்.

படுக்கையறைக்குப் போய், கட்டிலில் மஞ்சள் கவுனோடு உட்கார்ந்திருந்த அக்ஷதாவின் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டாள். “பாப்பா, ஒரு கேம். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. என் குரல்ல கூப்பிட்டாலும் கூடாது. நான் உன் முன்னாடி வந்து நின்னாதான் பேசணும். சரியா?”

“ஓகே. நேனு மாட்லாடனு.” அக்ஷதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் காட்டினாள். விழுந்த முன்பல் இடைவெளி கைகளுக்குள் மறைந்தது. மஹதி கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

திரையில் பதினாறு நிறத்து ஹால். பச்சைக் கதவு திறந்து கிடந்தது. அவள் அதைத் திறந்த நிலையில் வரையவே இல்லை. உள்ளே கறுப்பு. அந்தக் கறுப்பில் கட்டங்கள் அசைந்தன.

பதில்களை அழிக்கத் தொடங்கினாள். ‘கதவு திறந்தது.’ அழி. ‘வெளியே வந்தீர்கள்.’ அழி. பத்தாவது பதிவு தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

‘அக்ஷதா.’

‘அக்ஷதா வரமாட்டாள். நீ யாராக இருந்தாலும் போய்த் தொலை.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் எழுதியபோது பெயரையும் எழுதிவிட்டாள். இதுவரை ஆட்டத்துக்கு அப்படி யாரும் இல்லை. இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. டி.வி. பெட்டியைப் போல. கேசட்டைப் போல. பெயர் உள்ள எதையும் ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவளே வைத்த விதி.

அடுத்த வரி ஏறியது.

‘அக்ஷதாவை எடு.’

அவள் கணினியின் வயரைப் பிடுங்கினாள். திரை அணையும் முன் பதில் வந்துவிட்டது.

‘எடுத்துக்கொண்டீர்கள்.’

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

அக்ஷதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அதே இடம். அதே மஞ்சள் கவுன். இரண்டு கைகளும் வாயைப் பொத்தியபடி.

மஹதி தரையில் மண்டியிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், தோற்றாயா என்று சுவரைப் பார்த்து மனசுக்குள் கத்தினாள். மழையின் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. பிள்ளையின் தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசம் தேடினாள். சுண்ணாம்பு வாசம்தான் வந்தது.

ஹாலில் ‘டக்’ என்றது.

“மம்மீ!”

ஷோகேஸுக்குப் பின்னால். சுவருக்குள்ளே. மெல்லிசாக.

“மம்மீ, நேனு மாட்லாடலே. ப்ராமிஸ். நேனு மாட்லாடலே. இக்கட சீக்கடிகா உந்தி. தலுபு திய்யி மம்மீ!”

பேசவே இல்லையாம். இருட்டாக இருக்கிறதாம். கதவைத் திற என்கிறது.

மஹதி மெல்ல விலகி, முன்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். கண்கள் அக்ஷதாவின் கண்கள். இமைக்கவில்லை.

“பாப்பா,” என்றாள். “முகத்துக்கு நேர இருக்கேன். இப்ப பேசலாம். உன் பேர் என்ன?”

கைகள் இறங்கின. வாய் திறந்தது. முன்பற்கள் முழுசாக இருந்தன.

“அது புரியவில்லை,” என்றது குழந்தை, சுத்தமான எழுத்துத் தமிழில். “வேறு சொல்லில் சொல்லுங்கள்.”

ஹாலில் சுவர் அழுதது.

பதில் சொல்லாமல் இருக்கலாம். அம்மா அப்படித்தான் இருந்தாள். ஒரு வாரம், ஒரு மாதம், கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஓய்ந்துவிடும். வீடு அடங்கும். ஊட்டவும் தலை வாரவும் பள்ளிக்கூடம் அனுப்பவும் ஒரு பிள்ளை இருக்கும். விஸ்வநாத்துக்குக்கூடத் தெரியாது. சுவருக்குள் அழுவதும் அதுவேதானோ என்னவோ. இரண்டுமே அதுவாக இருக்கலாம். மஹதிக்கு அது தெரிந்தே இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுமி கூப்பிட்டுக்கொண்டே இருந்ததும் தெரியும்.

கொல்லைக் கதவோரம் அப்பாவின் கடப்பாறை சாத்தியிருந்தது. எடுத்தாள்.

“வர்றேன்டா கண்ணு!” என்று வீடு அதிரக் கத்தினாள். “அம்மா வர்றேன்! கூப்பிட்டுக்கிட்டே இரு!”

ஷோகேஸைத் தோள்கொடுத்துத் தள்ளினாள். கண்ணாடி நொறுங்கியது. பதக்கங்கள் சிதறின. கடப்பாறையை ஓங்கிச் சுவரில் இறக்கினாள். பூச்சு பிளந்தது. இன்னொன்று. செங்கல் பெயர்ந்தது. அவள் ஒன்று அடிக்க உள்ளே ஒன்று தட்டியது. அடி. தட்டு. அடி. தட்டு.

“எந்தப் பதில் வேணுமோ கேளு!” என்றாள் மூச்சிரைக்க. “எல்லாத்துக்கும் சொல்றேன். என் புள்ளையக் குடு!”

மூன்றாவது செங்கல் விழுந்த ஓட்டையில் பச்சை தெரிந்தது. பதினாறு நிறங்களில் அவளே தேர்ந்தெடுத்த பச்சை. தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான் இருந்தது. கையை விட்டால் எட்டும்.

பின்னால் வெறுங்கால்கள் உடைந்த கண்ணாடி மேல் நடந்து வந்தன. வலிக்காமல். மெதுவாக.

மஹதி திரும்பவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல்கள் தாழ்ப்பாளைத் தேடின.

“கதவு திறந்தது,” என்றது அவள் காதருகே குழந்தையின் குரல்.

அவள் இன்னும் திறக்கவில்லை. உள்ளே தட்டுவது நின்றிருந்தது. ஓட்டைக்குள் இருந்த அவள் கையை யாரோ பிடித்தார்கள்.